பதில் சொல்லாத சுவிட்ச்

அவள் வந்த முதல் நாளே எனக்குப் பிடிக்காமல் போய்விட்டது. ஏன் என்று அன்றைக்கு யாராவது கேட்டிருந்தால், ஆளுக்குக் கொஞ்சம் தலைக்கனம் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்திருப்பேன். இப்போது உள்ளதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. வயிற்றெரிச்சல். அதற்கு வேறு பெயர் கிடையாது.

யாழ்ப்பாண நகரத்தில் எங்கள் பயிற்சி நிறுவனத்துக்கு நான்கு கட்டடங்கள், நெல்லியடியில் ஒரு கிளை. எல்லாவற்றிலுமாக முப்பத்தொரு சுவிட்ச். லைற் போடுகிற சுவிட்ச் இல்லை. ஒரு மாடியில் இருக்கிற எல்லாக் கொம்பியூட்டர்களின் வயர்களும் வந்து சேருகிற தட்டையான இரும்புப் பெட்டி. அது நின்றால் அந்த மாடிக்கு இன்ரநெற் இல்லை. முப்பத்தொன்றும் என் கையால் சுவரில் பூட்டியவை. எது எந்தச் சுவரில் இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் எறும்பு வரும், எதற்கு மேலே மாரியில் கூரை ஒழுகும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஒரு பெண் ஏணி வைத்து ஏறி, சீலிங்குக்குள் தலையை விட்டு வயர் இழுப்பதை ஆரம்பத்தில் ஆட்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். பதினாறு வருடத்தில் பழகிவிட்டது. "நெற் அக்கா" என்று பெயரே வைத்துவிட்டார்கள்.

எங்கேயாவது நெற் நின்றால் என் மேசையில்தான் ரெலிபோன் அடிக்கும். நான் போவேன். போனவுடன் கதிரை இழுத்துப் போடுவார்கள், தேத்தண்ணி வரும், நூலகம் என்றால் வடையும் வரும். "நெற் அக்கா வந்திட்டா, இனிப் பிரச்சினை இல்லை" என்று யாராவது ஒருவர் சொல்வார். அந்த வசனத்தைக் கேட்கத்தான் இத்தனை வருடமும் வேலைக்குப் போனேனோ என்று இப்போது எனக்கே சந்தேகம்.

எங்கள் வலையமைப்புப் பிரிவின் பொறுப்பாளரை நாங்கள் எல்லோரும் சேர் என்றுதான் கூப்பிடுவோம். அந்த வருடம் முடிய அவருக்கு ஓய்வு. அந்த இடம் எனக்குத்தான் என்று நான் மட்டுமில்லை, வாசல் காவல்காரர்கூட நினைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து இவளை எடுத்தார்கள். இதே யாழ்ப்பாண நகரத்துக் குருநகர்க்காரி. கொழும்பில் பெரிய கொம்பனி ஒன்றில் இருந்தவள், தாய்க்கு உடம்பு இயலாமல் போனதால் ஊருக்குத் திரும்பி வந்திருந்தாள். என்னை விட ஐந்து வயது குறைவு, என்னை விட இரண்டு படிப்புக் கூட. அவளை அறிமுகப்படுத்திய கூட்டத்தில் பணிப்பாளர் சிரித்துக்கொண்டு சொன்னார்: "ரெண்டு பேரும் செய்யிறதைப் பாத்துத்தான் சேரின்ரை இடத்துக்கு ஆள் போடுவம்."

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். அன்றைக்கு வீட்டுக்குப் போய், இடியப்பத்துக்குச் சொதி காணாது என்று என் மனுசனோடு சண்டை பிடித்தேன்.

முதல் கிழமையிலேயே அவள் கேட்டாள்.

"அக்கா, இஞ்சை சுவிட்சுகளைக் கண்காணிக்க ஒண்டும் இல்லையோ?"

"நான் இருக்கிறன்," என்றேன்.

அவள் சிரித்தாள். நான் பகிடிக்குச் சொல்லவில்லை.

அவள் போட நினைத்தது எஸ்.என்.எம்.பி. என்கிற ஒரு நெறிமுறை. பெயர்தான் பெரிது, விஷயம் சின்னது. ஒவ்வொரு சுவிட்சும் தன்னைப் பற்றித் தனக்குள்ளே ஒரு பட்டியல் வைத்திருக்கும். எத்தனை நாளாக நிற்காமல் ஓடுகிறது, எந்தத் துளையில் வயர் கொழுவியிருக்கிறது, எதில் எவ்வளவு போய்வருகிறது, உடம்பு எவ்வளவு சூடு. ஒரு கொம்பியூட்டர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை எல்லாச் சுவிட்சையும் கூப்பிட்டு, முன்கூட்டியே பேசி வைத்த ஒரு இரகசியச் சொல்லைச் சொல்லி, "என்ன பாடு?" என்று விசாரிக்கும். சுவிட்ச் பதில் சொல்லும். பதில் ஒழுங்கென்றால் திரையில் அதற்கு ஒரு பச்சைப் பெட்டி. சூடு கூடினால் மஞ்சள், நின்றால் சிவப்பு, அந்த நிமிடமே கைபேசிக்குத் தகவல். அவ்வளவுதான்.

இந்த வசதி என் பெட்டிகளுக்குள் முதலிலிருந்தே இருந்தது. எனக்கும் தெரியும். பிறகேன் நான் போடவில்லை? நெற் நிற்பதற்கு முதலே தெரிந்துவிட்டால் என்னை யார் கூப்பிடப் போகிறார்கள்?

அவளுடைய திட்டத்தைச் சேர் வாசித்துவிட்டுத் தலையை ஆட்டினார். சுவிட்சுகளின் கடவுச்சொற்கள் எல்லாம் என் கொப்பியில் இருந்தன, கொப்பி என் மேசை லாச்சியில் இருந்தது. ஆகையால் வேலையை இரண்டாகப் பிரித்தார்.

"நீர் ஒவ்வொரு சுவிட்சுக்கையும் போய், பதில் சொல்லச் சொல்லி அந்த ஒரு கட்டளை வரியைப் போட்டுவிடும். கேக்கிற பக்கத்தை அவ பாப்பா."

இரண்டு நாள் இருந்து போட்டேன். நான் ஒரு சுவிட்சுக்கு வரியைப் போட்டவுடன் அவளுடைய திரையில் ஒரு பச்சைப் பெட்டி விழும். அவள், "வந்திட்டுது அக்கா" என்பாள், சின்னப்பிள்ளை மாதிரி. முப்பதாவது விழுந்தபோது பணிப்பாளர் அந்தப் பக்கம் வந்தார். திரையைக் குனிந்து பார்த்தார். நூலகச் சுவிட்சின் பெட்டியை அழுத்தி, அதன் சூட்டையும், அது எத்தனை நாளாக ஓடுகிறது என்பதையும் அவள் காட்டினாள்.

"கெட்டிக்காரி," என்றார் பணிப்பாளர்.

பதினாறு வருடம். மழைக்குள்ளே, வெயிலுக்குள்ளே, ஊரடங்குக் காலத்தில் பாஸ் எடுத்துக்கொண்டு வந்து, சீலிங் தூசியில் மூச்சு இழுத்து இழுத்து வேலை செய்தவள் நான். ஒருநாளும் அந்த வாயில் எனக்கு அந்தச் சொல் வரவில்லை. வயிறு எரிந்தது என்று சும்மா பேச்சுக்குச் சொல்வார்கள். உண்மையாகவே எரியும், நெஞ்சுக்குக் கீழே, புளித்த மாதிரி.

மிச்சம் இருந்தது நெல்லியடி ஒன்றுதான். விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தேன்.

"நெல்லியடி வராது," என்றேன்.

"ஏன் அக்கா?"

"அது பழைய மொடல். அதிலை உந்த வசதி இல்லை."

"இல்லையோ?"

"இல்லையெண்டால் இல்லைத்தானே."

அவள் என்னைப் பார்த்தாள், பணிப்பாளரைப் பார்த்தாள், பிறகு நெல்லியடிக்குச் சாம்பல் நிறம் கொடுத்தாள். பதில் இல்லை என்பதற்கு அந்த நிறம். முப்பது பச்சைக்கு நடுவில் ஒரு சாம்பல் பெட்டி. யோசித்து வைத்திருந்து சொன்ன பொய் இல்லை, வாய்க்கு வந்தது. ஆனால் வந்த பொய்யைத் திருப்பி எடுக்க எனக்கு நாலு மாதம் இருந்தது, நான் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நிறுவனம் ஒரு பெரிய ரீவி வாங்கி எங்கள் அறைச் சுவரில் மாட்டியது. யார் வந்தாலும் அதைப் பார்க்காமல் போவதில்லை. கணினி வகுப்புப் பிள்ளைகளைக்கூட வரிசையாகக் கூட்டி வந்து காட்டினார்கள். அவள் எழுந்து நின்று விளங்கப்படுத்துவாள், குரல் உயர்த்தாமல், கையைக் கட்டிக்கொண்டு. நான் என் மேசையில் ஒரு பழுதான வயரை வைத்து உரித்துக்கொண்டே இருப்பேன். வந்தவர்களில் யாராவது ஒருவர் கட்டாயம் கேட்பார்: "அந்த ஒண்டு மட்டும் ஏன் உந்த நிறம்?" அவள், "அது பழைய சுவிட்ச், சேர்," என்று சொல்வாள். அந்தக் கேள்வி வருகிற ஒவ்வொரு தடவையும் எனக்கு உள்ளுக்குள் ஒரு சின்னப் புழுகம், சந்தோசம். அவ்வளவு கேவலமாக இருந்தேன்.

என் ரெலிபோன் அடிப்பது குறைந்துகொண்டு வந்தது. இரண்டாம் மாடியில் ஒரு சுவிட்சின் விசிறி நோகத் தொடங்கினால் அவளுடைய கைபேசிக்குத் தகவல் வந்துவிடும். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஆட்கள் இல்லாதபோது போய் மாற்றிவிட்டு வந்துவிடுவாள். ஒருவருக்கும் தெரியாது. ஒருவரும் தேத்தண்ணி கொடுக்கவும் மாட்டார்கள். அவளுக்கு அது ஒரு குறையாகவே இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிச்சல். ஒருநாள் பரீட்சைப் பிரிவுப் பியோன் வாசலில் வந்து நின்று, "நெற் அக்காவை வரச் சொல்லட்டாம்" என்றான். நான் எழும்பினேன். அவன் தலையைச் சொறிந்தான்.

"நீங்கள் இல்லை அக்கா. மற்ற நெற் அக்கா."

அந்த ஒரு பெயரையாவது எனக்கு விட்டு வைத்திருக்கக் கூடாதா?

இவ்வளவும் மனதில் வைத்துக்கொண்டு தினமும் மதியம் அவளோடுதான் இருந்து சாப்பிட்டேன். அவள் என்ன செய்யப் போகிறாள், பணிப்பாளர் அவளிடம் என்ன சொன்னார் என்று தெரிய வேண்டும், அதற்கு. அவள் கணவாய்க் கறி கொண்டு வருவாள். வெள்ளிக்கிழமை நான் மச்சம் மாமிசம் தின்பதில்லை என்று தெரிந்து, வெள்ளிக்கு எனக்கென்று கத்தரிக்காய்ப் பொரியல் தனியாகக் கட்டி வருவாள். ருசியாக இருக்கும். அதற்கும் எரிச்சல்படுவேன்.

புரட்டாதியில் சேர் ஒரு முடிவு சொன்னார். இனிமேல் மாதாமாதம் சுவிட்சுகளைச் சுற்றிப் பார்க்கப் போகத் தேவையில்லை, திரை பார்த்துக்கொள்ளும். நெல்லியடிக்கும் அப்படியேதான், ஏதும் என்றால் கிளைக்காரர் ரெலிபோன் எடுப்பார்கள். நான் சரி என்றேன். அந்த வருடம் நவராத்திரியும் வந்தது.

இங்கே ஒரு விஷயம் சொல்ல வேண்டும். நெல்லியடிக் கிளையில் சரஸ்வதிக்கு எடுக்கிற வாணி விழாவை வெகு விசேடமாகச் செய்வார்கள். ஒன்பதாம் நாள் மத்தியானம் கொம்பியூட்டர், பிறின்ரர், கதவு பூட்டுகிற திறப்பு எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைப்பார்கள். சுவரில் இருக்கிற சுவிட்ச் அலுமாரிக்கும் வைப்பார்கள். அத்தோடு விடாமல் அதை முழுக்க மூடி ஒரு பட்டுத்துணி போர்த்தி, மேலே மாலையும் போடுவார்கள். வகுப்பு நடக்க நெற் வேண்டும் என்பதால் நிறுத்த மாட்டார்கள். பூசையில் வைத்ததைப் பத்தாம் நாள் காலைப் பூசை முடியும் வரை தொடவும் மாட்டார்கள். காற்றுப் போகிற ஓட்டைகள் எல்லாம் அந்தத் துணிக்குக் கீழே. சுவிட்ச் உள்ளே இருந்து வேகும். முதல் வருடமே நான் கண்டுபிடித்துவிட்டேன். வேண்டாம் என்றால் மனம் நோவார்கள் என்று, ஒவ்வொரு வருடமும் ஒன்பதாம் நாள் பின்னேரம் நானே போய், துணியை மேலே மடித்துவிட்டு, ஓட்டைகள் தெரிகிறதா என்று பார்த்துவிட்டு, அவலும் கடலையும் வாங்கித் தின்றுவிட்டு வருவேன். என் வீடு உடுப்பிட்டி. ஸ்கூட்டியில் பத்து நிமிடம். இது எந்தக் கொப்பியிலும் எழுதப்படாத வேலை.

அந்த வருடப் பத்தாம் நாள் காலையில் புதிய பாடநெறி ஒன்றின் தொடக்க விழா. யாழ்ப்பாண மண்டபத்தில் பணிப்பாளரும் கொழும்பிலிருந்து வந்த விருந்தினர்களும். நெல்லியடிப் பிள்ளைகள் காணொளியில் சேருவார்கள். எல்லாம் அவளுடைய பொறுப்பு. அவள் மூன்று முறை ஒத்திகை பார்த்தாள்.

ஒன்பதாம் நாள் பின்னேரம் நான் வீட்டு முற்றத்தில் உடுப்புக் காயப் போட்டுக்கொண்டிருந்தேன். துணி போட்டிருப்பார்கள் என்று நினைப்பு வந்தது. ஸ்கூட்டித் திறப்பு ஆணியில் தொங்கியது. போகத் தேவையில்லை என்று சேர் சொன்னவர்தானே, என்றேன் எனக்குள். இனி எல்லாம் திரை பார்க்கும். பார்க்கட்டுமே. நெல்லியடியின் சூட்டைத் திரை பார்க்காமல் இருப்பது என் பொய்யால்தான் என்பது உலகத்திலேயே எனக்கு ஒருத்திக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உடுப்பைப் போட்டு முடித்தேன், பிறகு போய்த் தேங்காய் துருவினேன். மறந்து போனேன் என்று சொல்ல எனக்கு ஆசை. மறக்கவில்லை.

அடுத்த நாள் பணிப்பாளர் ஒலிவாங்கியில் நின்று, "எங்கடை நெல்லியடிப் பிள்ளையளும் இப்ப எங்களோடை" என்று கையை நீட்டிய நேரம் பெரிய திரை கறுத்துப் போனது. முதலில் யாரோ சிரித்தார்கள். ஒரு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. பணிப்பாளரின் கை இறங்கியது. விருந்தினர் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவள் மடிக்கணினிக்குப் பின்னால் வெளிறிப்போய், நெல்லியடிக்கு ரெலிபோனுக்கு மேல் ரெலிபோன் எடுத்துக்கொண்டிருந்தாள். அங்கே பிள்ளைகள் காணொளிக்கு முன்னால், அலுவலக ஆட்கள் எல்லோரும் பத்தாம் நாள் பூசையில், ரெலிபோனைத் தூக்க ஆளில்லை. நான் மூன்றாம் வரிசையில் இருந்தேன். எனக்குச் சந்தோசமாக இருந்தது. ஒரு பத்து நிமிடம், மனமார.

விழா பாதியில் முடிந்ததும் எங்கள் இரண்டு பேரையும் நிறுவன வான் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். புத்தூர் தாண்டும்போது ஒருமுறை மட்டும், "என்னவா இருக்கும் அக்கா?" என்றாள். "தெரியேல்லை" என்றேன்.

சுவிட்ச் அறைக் கதவைத் திறக்க வெக்கை முகத்தில் அடித்தது. அலுமாரி நின்ற இடத்தில் சிவப்புப் பட்டும் செவ்வரத்தை மாலையும்தான் தெரிந்தன. அவளுக்கு அது என்ன என்றே முதலில் விளங்கவில்லை. கையை வைத்துப் பார்த்துவிட்டு வெடுக்கென்று எடுத்தாள். கிளையின் எழுதுவினைஞர் அம்மா பின்னால் ஓடி வந்தார்.

"நாங்கள் வருசா வருசம் போடுறதுதானே பிள்ளை. நெற் அக்கா வந்து மடிச்சு விடுவா. இந்த முறை அக்கா வரேல்லை, அதுதான் அப்பிடியே கிடந்திட்டுது."

அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். ஒரே ஒருதரம்.

பிறகு சந்தனம் உதிராமல் துணியை மெல்ல எடுத்து, மடித்து, அந்த அம்மாவின் கையில் கொடுத்தாள். யன்னலைத் திறந்தாள். அலுமாரிக் கதவைக் கழற்றி, மேசை விசிறியை இழுத்து வைத்தாள். சூட்டில் தன்னைத் தானே நிறுத்திக்கொண்ட சுவிட்ச், அரை மணித்தியாலத்தில் திரும்ப எழும்பியது. வேலை முடிந்தது, போகலாம் என்று நான் நினைத்தேன். அவள் மடிக்கணினியை அதில் கொழுவினாள். கடவுச்சொல் கேட்டாள். சொன்னேன். நான் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருக்க, அந்த ஒரு வரியை அடித்தாள். கைபேசியை எடுத்துத் திரையைத் திறந்தாள். நெல்லியடிப் பெட்டி சாம்பலிலிருந்து மஞ்சளுக்குப் போனது, கொஞ்ச நேரத்தில் பச்சையாகியது. கைபேசியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு, "போவமா அக்கா?" என்றாள்.

அடுத்த நாள் விசாரணைக் கூட்டம். பணிப்பாளர், சேர், நாங்கள் இரண்டு பேர், நிர்வாக அலுவலர். இப்போது சொல்லப் போகிறாள், இப்போது சொல்லப் போகிறாள் என்று அவளுடைய வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"முப்பத்தொரு சுவிட்சையும் பாக்கிறதெண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?" என்றார் பணிப்பாளர் அவளிடம்.

"ஓம் சேர். நெல்லியடியை நான் விட்டிட்டன். நானே போய்ச் சரி பாத்திருக்க வேணும். என்ரை பிழை."

நிர்வாக அலுவலர் இடையில் புகுந்தார். "உவ வேதக்காரி, சேர்ச்சுக்குப் போறவ. வாணி விழாவுக்குத் துணி போடுறதெல்லாம் உவவுக்கு எங்கை தெரியப்போகுது? உதுக்கெல்லாம் இஞ்சத்தைப் பழக்கம் தெரிஞ்ச ஆள் வேணும்."

குருநகர் என்ன வெளிநாடா? நான் கேட்டிருக்கலாம். பழக்கம் தெரிந்த ஆள்தான் தெரிந்துகொண்டே வீட்டில் இருந்தாள் என்று சொல்லியிருக்கலாம். சேர் என் பக்கம் திரும்பி, "நீர் என்ன சொல்லுறீர்?" என்று கேட்கவும் செய்தார். வாசல் திறந்து கிடந்தது.

"திரையை மட்டும் நம்பிக்கொண்டு இருக்கேலாது, சேர்," என்றேன். "நேரிலையும் போய்ப் பாக்க வேணும்."

பணிப்பாளர் தலையை ஆட்டினார். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இரண்டு கிழமையில் கடிதம் வந்தது. வலையமைப்புப் பிரிவின் பொறுப்பாளராக என்னை நியமிப்பதாக. திங்கட்கிழமை காலை பணிப்பாளரின் அறைக்குப் போய்க் கையெழுத்து வைக்க வேண்டும். எல்லோரும் வந்து கை கொடுத்தார்கள். மதியம் வழமைபோல அவளுக்கு முன்னால் போய் இருந்தேன். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. கத்தரிக்காய்ப் பொரியல் தனியாகக் கட்டி வந்திருந்தாள். அதைப் பார்த்ததும் எனக்குள்ளே ஏதோ அறுந்துவிட்டது.

"நெல்லியடிச் சுவிட்சுக்கு அந்த வசதி இருக்கெண்டு உமக்கு எப்ப தெரியும்?" என்றேன்.

"ஆவணியிலை."

நான் விழா நாளில்தான் என்று நினைத்திருந்தேன்.

"ஆவணியிலையோ?"

"நான் ஒருநாள் பிறின்ரர் பாக்க நெல்லியடிக்குப் போனனான். சுவிட்சின்ரை மொடல் பாத்தன். நூலகத்திலை இருக்கிற அதே மொடல்."

கோபம் வந்தது. குற்றம் செய்தவள் நான், கோபமும் எனக்குத்தான் வருகிறது.

"பிறகேன் வாயைத் திறக்கேல்லை? அண்டைக்கே ஒரு வரியைப் போட்டிருக்கலாம். சேரிட்டைச் சொல்லியிருக்கலாம். கூட்டத்திலை சொல்லியிருந்தால் இந்தக் கடிதம் இப்ப உம்மடை கையிலை. அவ்வளவு நல்லவளா இருக்கச் சொல்லி உம்மை ஆர் கேட்டது?"

அவள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நல்லவள் எண்டில்லை அக்கா. எனக்கு உங்களைக் கண்டாப் பயம்."

"என்னைக் கண்டோ?"

"வந்த நாளிலை இருந்து. இஞ்சை எல்லாரும் உங்கடை ஆக்கள். நீங்கள் முகம் சுழிச்சா அவையும் சுழிப்பினம். கடவுச்சொல் எல்லாம் உங்களிட்டை. சொன்னா நான் சொல்லுறதை ஆர் நம்பப் போகினம்? எனக்கு இந்த வேலை வேணும் அக்கா. அம்மாவை விட்டிட்டு நான் திரும்பக் கொழும்புக்குப் போகேலாது." பொரியலை என் பக்கம் தள்ளி வைத்தாள். "நீங்களா ஒருநாள் அந்த வரியைப் போட்டுவிடுவியள் எண்டு நினைச்சன். ஒவ்வொரு நாளும் வந்தவுடனை முதலிலை நெல்லியடியைத்தான் பாப்பன்."

நாலு மாதமாக நான் பார்த்துப் பார்த்து எரிந்துகொண்டிருந்தவள், அந்த நாலு மாதமும் என்னைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்திருக்கிறாள். நான் கற்பனை செய்து வைத்திருந்த கெட்டிக்காரியின் தைரியமும் அலட்சியமும் எங்கேயும் இருக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது. அழவில்லை. பொரியலைத் தின்று முடித்தேன்.

திங்கட்கிழமை காலை, பணிப்பாளரிடம் சொல்லிவிடுவது என்றுதான் புறப்பட்டேன். உடுப்பிட்டியிலிருந்து வழி முழுக்க வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தேன். சேர், ஒரு விஷயம். அந்தச் சுவிட்ச் பதில் சொல்லாமல் இருந்ததற்குக் காரணம் நான். துணி கிடக்கும் என்றும் எனக்குத் தெரியும். இரண்டே வசனம். வல்லை வெளியின் காற்றுக்குள் சத்தமாகவே சொன்னேன். நன்றாக வந்தது.

பணிப்பாளர் என்னைக் கண்டதும் எழுந்து வந்து கதவைத் திறந்துவிட்டார்.

"சேர், ஒரு விசயம்," என்றேன்.

"எல்லாம் பிறகு கதைப்பம். முதல் இதை முடியுங்கோ. நீங்கள் இல்லாட்டி இந்த இடம் ஓடாதெண்டு எனக்கு இப்பதான் விளங்குது. உண்மையிலை நீங்கள் கெட்டிக்காரி."

பேனாவை நீட்டினார். வாங்கிக் கையெழுத்து வைத்தேன்.

கடிதத்தின் பிரதியோடு எங்கள் அறைக்கு வந்தேன். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே இருந்துகொண்டு, "நெற் அக்கா, ஐஸ்கிறீம் எப்ப?" என்று கேட்டார்கள். அவள் மட்டும் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்து நின்றாள்.

"வாழ்த்துக்கள், மேடம்," என்றாள்.

அன்றைக்குப் பிறகு அவள் ஒருநாளும் என்னை அக்கா என்று கூப்பிடவில்லை.